நின்ற தறிகளும் காணாமற்போன வேலையின்மையும் – கடிதம்

வணக்கம். வளரும் நாடுகளில் ஆலைகளின் உற்பத்தித்திறன் பயன்பாடு (இருக்கும் இயந்திரங்களில் எவ்வளவு ஓடுகிறது என்பது) பெரிதும் குறையும் ஆண்டுகளிலும் வேலையின்மை விகிதம் அதே அளவுக்கு உயர்வதில்லை என்று வாசித்தேன். அப்படியானால் இரண்டுக்கும் தொடர்பில்லை என்றுதானே பொருள்? வேலை இழந்தவர்கள் வேறு வேலை தேடிக்கொள்கிறார்கள், தேடாதவர்கள் சோம்பேறிகள். வட்டியைக் குறைத்தால் நிலைமை சீராகுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால் உடனே எழுதுகிறேன். வட்டியை விட்டுவிடுவோம், இருக்கும் இயந்திரங்களில் பாதியை நிறுத்திவைத்திருப்பவர், கடன் மலிவு என்பதற்காகப் புதியது வாங்கமாட்டார்.

ஆனால் ‘சோம்பேறிகள்’ என்ற சொல்லை நீங்கள் எழுதியிருக்கவே கூடாது. இளமையில் ஒரு நெசவாலையில் கணக்கெழுதினேன். துணி விற்காமல் கிடங்கில் தேங்கியபோது மூன்று ஷிஃப்ட் ஒன்றாகச் சுருங்கியது, தறிகளைச் சாக்கால் மூடினார்கள். வருகைப் பதிவேட்டில் நிரந்தரத் தொழிலாளர்களின் பெயர்கள் அப்படியே இருந்தன; ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர்களை நான்தான் சிவப்பு மையால் அடித்தேன். மறுவாரம் அவர்களில் ஒருவர் அந்த ஆலை வாசலிலேயே, கிடைத்த நேரத்துக்கு மூட்டை சுமந்துகொண்டிருந்தார். ஷிஃப்ட் எப்போது திரும்பும் என்று மட்டும் கேட்டார்.

வழக்கமான கணக்கில் அவர் வேலையற்றவர் அல்லர். கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்தவரும் வேலையில் இருப்பவரே என்பது பன்னாட்டு வரையறை. உற்பத்தி குறைந்தால் வேலையின்மை கூடும் என்று 1962இல் பொருளியலாளர் ஆர்தர் ஓக்கன் கண்ட உறவு அமெரிக்காவுக்குரியது. வேலையற்றோருக்கு உதவித்தொகை இல்லாத நாட்டில் ஏழைக்கு வேலையற்றிருக்கவே வசதியில்லை. ஆகவே ஆலை நிற்கும்போது குறைவது வேலை நேரம், கூலி, நாளைக்கும் வேலை உண்டு என்ற உறுதி; வேலையின்மை விகிதம் மட்டும் அவ்வளவாக அசையாது. நீங்கள் தொடர்பில்லை என்று நினைத்தது இதனால்தான். ஆலை மீளும்போதும் இதே மறைவுதான்: முதலில் உள்ளே இருப்பவர்களுக்கு ஓவர்டைம், பிறகுதான் வெளியே நிற்பவருக்கு அழைப்பு.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லா இயந்திரங்களும் முழுமூச்சாக ஓடினாலும் இத்தகைய நாடுகளில் அத்தனை பேருக்கும் வேலை கொடுக்க இயந்திரங்கள் போதா. போலந்துப் பொருளியலாளர் கலேக்கி சுட்டிக்காட்டிய பற்றாக்குறை இது. முதலீடே அரிதான நாட்டில், உள்ள இயந்திரமும் மின்சாரமோ உதிரி பாகமோ வாங்குவாரோ இல்லாமல் சாக்கு மூடிக் கிடப்பது இதனால் இன்னும் வலிக்கிறது. இனி இந்தப் புள்ளிவிவரத்தைப் பார்க்கும்போது வேலையின்மை விகிதத்தோடு நிறுத்தாமல், எத்தனை ஷிஃப்ட் ஓடுகிறது, ஒருவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை கிடைக்கிறது என்றும் தேடிப் பாருங்கள்.

அன்புடன்.