டிவியில் ஓடும் குடும்பப் படங்களின் நிறம் ஏன் மாறுகிறது?

கேள்வி: என் பெற்றோரின் அறுபதாம் கல்யாணப் படங்களைப் பென் டிரைவில் ஏற்றி, வீட்டு 4கே டிவியில் ஸ்லைடு ஷோவாக ஓடவிட்டேன். கைப்பேசியில் அழகாக இருந்த படங்கள் டிவியில் கண்ணைக் கூசும் நிறத்தில் தெரிகின்றன. வரிசையும் குலைந்துவிட்டது, சில படங்கள் திறக்கவே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் படங்களில் பெரும்பாலும் குறை இருக்காது. கடையின் பளீர் வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே உள்ள ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ என்னும் முறையில் டிவி இருந்தால், அது நிறத்தைக் கூட்டி, வெண்மையை நீலத்தின் பக்கம் தள்ளிவிடும். அப்பா வெள்ளை வேட்டியிலும் அம்மா அரக்குப் பட்டுப் புடவையிலும் நிற்கும் ஒரு படத்தைத் திரையில் நிறுத்திப் பாருங்கள். வேட்டி சொட்டு நீலம் அதிகமாகிவிட்டதைப் போல நீலம் பாய்ந்தும், அரக்கு வெறும் சிவப்பாகி ஜரிகையின் இழைகள் தெரியாமலும் இருந்தால் காரணம் இதுதான்.

முதலில் பிக்சர் மோடை ‘சினிமா’, ‘மூவி’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என மாற்றி, வெண்மை நீலமாகவோ மஞ்சளாகவோ சாய்வதைத் தீர்மானிக்கும் ‘கலர் டெம்பரேச்சரை’ ‘வார்ம்’ என வையுங்கள். சாதாரண ஜேபெக் படங்களுக்குரிய எஸ்ஆர்ஜிபி (sRGB) என்னும் நிற அளவும் ஹெச்டி ஒளிபரப்புக்கான நிற அளவும் ஒரே அடிப்படை நிறங்களையும், ஏறத்தாழ 6,500 கெல்வின் (கலர் டெம்பரேச்சரின் அலகு) கொண்ட ஒரே வெண்மையையும் பயன்படுத்துவதால், இந்த அமைப்பில்தான் படம் எடுத்தபடியே தெரியும். முதலில் சற்று மஞ்சளாகத் தோன்றும். சில நிமிடங்களில் கண் பழகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் போதவில்லை என்றால் பலரும் ‘பிரைட்னஸ்’ஸைக் கூட்டுகிறார்கள். பல டிவிகளில் அது கருமையின் அளவை மாற்றும் அமைப்பு என்பதால், கூட்டினால் கருங்கூந்தல் சாம்பல் நிறமாகும். குறைத்தால் கூந்தலின் இழைகள் ஒரே இருட்டாகிவிடும். வெளிச்சத்துக்குத் திரையின் பின்னொளியான ‘பேக்லைட்’டைக் கூட்டுவதே சரி. முகத்தின் ஓரங்களில் வெள்ளைக் கோடு தெரிந்தால், அது மறையும் வரை ‘ஷார்ப்னஸ்’ஸைக் குறையுங்கள். ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’டை அணைத்துவிட்டால், படத்துக்குப் படம் வெளிச்சம் ஏறி இறங்குவதும் குறையும்.

திறக்காத படங்கள் பெரும்பாலும் ஐபோனில் எடுத்த ஹெச்இஐசி கோப்புகளாக இருக்கும். முதலில் மங்கலாகத் தோன்றிப் படிப்படியாகத் தெளியும் ‘புரோகிரஸிவ்’ முறையில் சேமித்த ஜேபெக்கையும் சில டிவிகள் ஏற்பதில்லை. எல்லாவற்றையும் கணினியில் சாதாரண ஜேபெக்காக மாற்றி, நீளப் பக்கத்தை 3,840 பிக்சலாக்கிவிடுங்கள். 4கே திரையில் இருப்பவை 3,840 × 2,160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்சல்களே. ஐந்து கோடி பிக்சல் படத்தைக் கொடுத்தால் திறக்கத் தாமதமாகுமே தவிர, தெளிவு கூடாது. மாறாக, வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டிருக்கும் என்பதால் உறவினர்களிடம் அசல் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

வரிசைக்கு, கோப்புப் பெயர்களை 001, 002 என்று தொடங்குங்கள். வெறும் 1, 2 என்றிருந்தால் பல டிவிகள் 1-க்கு அடுத்து 10-ஐக் காட்டும். படத்தின் ஓரத்தில் நிற்பவர்கள் வெட்டுப்பட்டால், சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்னும் அமைப்பைத் தேடுங்கள். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வருவது இயல்பு. அதை மறைக்கப் படத்தை இழுத்து நிரப்பினால் முகங்கள் அகன்றுவிடும்.

இந்த மாற்றங்களைப் பென் டிரைவிலிருந்து படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யுங்கள். பல டிவிகள் யூஎஸ்பிக்கும் ஹெச்டிஎம்ஐக்கும் தனித்தனி அமைப்பை வைத்துக்கொள்கின்றன.