ஏரி, கண்மாய் காப்பாத்துறது பத்தி கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன்

கேள்வி: எங்க ஊர் ஏரிக்குள்ள ராத்திரில லாரி லாரியா மண்ணு கொட்றாங்க. யார்கிட்ட புகார் பண்றது?

பதில்: மொதல்ல சர்வே நம்பர எடுங்க. "எங்க ஊர் ஏரி"ன்னு மொட்டையா எழுதுன மனு எந்த மேசையிலயும் நிக்காது. அ-பதிவேட்டுல, அதான் ஊர் நிலக் கணக்குப் புத்தகத்துல, அது நீர்நிலைப் புறம்போக்கா இருக்கான்னு பாத்துட்டு, தேதி தெரியற மாதிரி போட்டோ வச்சு தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, கையில குடுத்தா ரசீது வாங்காம வராதீங்க. ரெண்டு வாரத்துல ஒண்ணும் நடக்கலன்னா, மனு மேல என்ன பண்ணீங்கன்னு 10 ரூபா கட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்க, 30 நாள்ல பதில் சொல்லியாகணும்.

கேள்வி: பசுமைத் தீர்ப்பாயம் போகலாமாண்ணா?

பதில்: போகலாம், சுற்றுச்சூழல் வழக்குக்குன்னே இருக்கற கோர்ட்டு அது. ஆனா பிரச்சனை ஆரம்பிச்சு 6 மாசத்துக்குள்ள. மனு மேல மனு போட்டுக்கிட்டே அந்த நாளைத் தவற விடறவங்கதான் ஜாஸ்தி.

கேள்வி: கிராம சபை தீர்மானத்துக்கெல்லாம் மதிப்பு இருக்கா சார்? சும்மா கையெழுத்து வாங்கிட்டுப் போறாங்க.

பதில்: அரிட்டாபட்டியக் கேளுங்க. மதுரை மேலூர் பக்கம், 2022ல பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்ச ஊர். 2024 நவம்பர்ல அந்த ஏரியாவையும் சேத்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாங்க. சுத்துப்பட்டு ஊரெல்லாம் கிராம சபையில தீர்மானம் போட்டுச்சு, டிசம்பர்ல சட்டசபையிலயும் போட்டாங்க, ஜனவரில ஜனங்க மதுரைக்கே கெளம்பி வந்தாங்க, அந்த மாசமே மத்திய அரசு ஏலத்த ரத்து பண்ணிருச்சு. தீர்மானம் மட்டும் நிறுத்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன், ஆனா அந்தப் பேப்பர் இல்லன்னா "நாலு பேர் கத்துறான்"னு முடிச்சிருப்பாங்க. அதனால தீர்மானப் புத்தகத்துல என்ன எழுதறாங்கன்னு நின்னு படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. சர்வே நம்பரோட.

கேள்வி: குளத்துல குப்பை கொட்டறாங்க, எங்க புகார் பண்றது?

பதில்: மொதப் பதில்.

கேள்வி: நாங்க பசங்க சேந்து ஏரியத் தூர்வாரி, சுத்திலும் கல்லு பதிச்சு நடைபாதை, நடுவுல தீவு போட்டு மரம் நடப் போறோம். எந்த மரம் நல்லது?

பதில்: எந்த மரமும் வேணாம். ஏரின்னா கிண்ணம் இல்லப்பா. ஓரமா சரிஞ்சு வர்ற சேத்துலதான், கணுக்கால் தண்ணியிலதான் உள்ளான் மாதிரி பறவைங்க இரை தேடும். ஓரத்த செங்குத்தா வெட்டிக் கல்லு பதிச்சா அது தொட்டி. தீவு போட்ட மண்ணளவுக்குத் தண்ணி கொள்ளளவும் போச்சு. அந்தக் காசுக்கு வரத்துக் கால்வாய சுத்தம் பண்ணுங்க.

கேள்வி: சும்மா போட்டா ஆக்கிரமிச்சிருவான் சார். பாதை போட்டா நாலு பேர் நடப்பாங்க, கண்ணு இருக்கும். நீங்க பறவையையே பாக்குறீங்க.

பதில்: கண்ணு இருக்கணும்ங்கறது சரி, ஒத்துக்கறேன். அதுக்குக் கரை மேல மண்பாதை போதுமே? எல்லைய அளந்து கல்லு நடச் சொல்லிக் கேளுங்க. பூங்கான்னு ஆரம்பிச்சா அப்பறம் டாய்லெட், கேன்டீன், பார்க்கிங், எல்லாம் ஏரிக்குள்ளதான் வரும், பாத்துட்டேன்.

கேள்வி: அப்ப வாக்கிங் போறவன் எதிரியா?

பதில்: இல்லப்பா. நடங்க. ஏரி நெறஞ்சா மிச்சத் தண்ணி வெளிய போற கலங்கலத் தாண்டும்போது அடைச்சு வச்சிருக்காங்களான்னு ஒரு பார்வை பாத்துட்டு நடங்க.

கேள்வி: ஐயா, எங்க ஊர் ஏரிய மூடுறாங்க, யார்கிட்ட...

பதில்: சர்வே நம்பர் என்ன?