பெர்சோனா வாங்கப் போறீங்களா? நம்பரைப் பாக்காதீங்க, எடிஷனைப் பாருங்க

கேள்வி: பெர்சோனாங்கிற ஜப்பான் வீடியோ கேம் சீரீஸ்ல 5-ம் பாகத்து டிஸ்க் செகண்ட் ஹேண்ட்ல ரொம்ப சீப்பா கிடைக்குது. ராயல்னு இன்னொண்ணு இருக்கே, அது அதை விட நல்லாவே காஸ்ட்லி. இப்போதைக்கு சாதாரண 5 வாங்கி ஆடிட்டு, பிடிச்சிருந்தா அப்புறம் ராயலுக்கு மாறிக்கலாமா?

பதில்: மாற முடியாதுங்க. நிறைய பேர் ராயலை ஒரு டிஎல்சின்னு (இருக்கிற கேமோட சேத்துக்கிற கூடுதல் பகுதி) நினைச்சுக்கிட்டு பழைய 5-ஐ வாங்கிடறாங்க, ஆனா ராயல் முழுசா தனி கேம், தனி காசு, பழைய சேவ் ஃபைல் அதுல ஏறாது (பிஎஸ்4-ல பழைய சேவ் இருந்தா சின்னதா ஒரு போனஸ் குடுப்பாங்க, அவ்வளவுதான்). 5 ஜப்பான்ல 2016-ல வந்துச்சு, ராயல் அங்க 2019-ல, மத்த நாடுகளுக்கு 2020 மார்ச்ல. ரெண்டுக்கும் முக்கால்வாசி கதை ஒண்ணேதான். அதாவது கிட்டத்தட்ட நூறு மணி நேரம் ஆடி முடிச்சவர் ராயல் வாங்கினா, அந்த நூறு மணி நேரத்தை மறுபடி ஆடினாத்தான் கடைசில இருக்கிற புது பகுதிக்கே போக முடியும். அதனால சீப்பா கிடைக்குதேன்னு எடுக்காதீங்க, நேரா ராயல்.

அந்தப் புது பகுதி ஜனவரி மாசத்துல வர்ற மூணாவது டெர்ம். என்னைக் கேட்டா மொத்த கேம்லயும் அதுதான் பெஸ்ட். ஆனா காசு குடுத்து வாங்கினவங்களே இதை மிஸ் பண்ணிடறாங்க, ஏன்னா அது தானா வராது. ஸ்கூல் கவுன்சிலர் மருக்கின்னு ஒருத்தர் இருப்பார், மெடிக்கல் ரூம்ல உக்காந்து ஸ்நாக்ஸ் குடுத்துக்கிட்டே பேசுவார், சும்மா சைடு கேரக்டர் மாதிரிதான் தெரியும். அவரோட ரேங்கை, அதாவது பழகப் பழக ஏறுற நட்பு லெவலை, கேம் காலண்டர்ல நவம்பர் 18-க்குள்ள 9-க்கு கொண்டு வந்துடணும், இல்லன்னா கேம் பழைய 5 மாதிரியே டிசம்பர்ல முடிஞ்சுடும். கூடவே இன்னும் ரெண்டு கேரக்டர், அகெச்சி ரேங்க் 8 நவம்பர் 24-க்குள்ள, கசுமி ரேங்க் 5 டிசம்பர் 18-க்குள்ள. ஸ்பாய்லர் இல்லாம இவ்வளவுதான் சொல்ல முடியும், ஃபோன்ல குறிச்சு வச்சுக்கோங்க.

கேள்வி: என்கிட்ட பிஎஸ்5 இருக்கு. ராயல் பிஎஸ்4 டிஸ்க் வாங்கினா பிஎஸ்5 வெர்ஷன் ஃப்ரீ அப்கிரேட் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. மத்த கம்பெனிங்க நிறைய பேர் ஃப்ரீயாவோ கொஞ்சம் காசு வாங்கிட்டோ குடுத்தாங்க, பெர்சோனா செய்ற அட்லஸ் கம்பெனி குடுக்கல. 2022 அக்டோபர் 21-ல பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச், பிசின்னு எல்லாத்துக்கும் வந்தது தனி ரிலீஸ், பிஎஸ்4 சேவும் அதுல ஏறாது.

ஆனா இதுக்காக நீங்க வருத்தப்பட வேண்டியதில்ல. டிஸ்க் டிரைவ் இருக்கிற பிஎஸ்5-ல பிஎஸ்4 டிஸ்க் நல்லாவே ஓடும், டர்ன்-பேஸ்ட் (ஆளுக்கு ஒரு முறைன்னு மாத்தி மாத்தி அடிக்கிற) கேம்ங்கிறதால கிராஃபிக்ஸ்ல பெருசா எதையும் இழந்துட மாட்டீங்க. பிஎஸ்5 வெர்ஷன்ல நாப்பதுக்கு மேல டிஎல்சி உள்ளயே இருக்கு, ஆனா அதுல பாதி டிரெஸ், மீதில வர்ற பெர்சோனாக்கள் (சண்டைல உங்களுக்காக அடிக்கிற உருவங்கள்) ஓவர் பவர், முதல்லயே எடுத்தீங்கன்னா சண்டைல சுவாரசியமே போயிடும். பிஎஸ்4 டிஸ்க் வாங்கி டிஎல்சியும் வேணும்னா டிஸ்க் எந்த ரீஜன்னு, அதாவது எந்த நாடுகளுக்காக விட்டதுன்னு பாத்துக்கோங்க, டிஸ்க் ஒரு ரீஜன் உங்க அக்கவுண்ட் இன்னொரு ரீஜன்னா வாங்கின டிஎல்சி வேலை செய்யாது. இதை விக்கிறவர் சொல்ல மாட்டார்.

கேள்வி: பெர்சோனா 3-ல ஃபெஸ், போர்ட்டபிள், ரீலோட்னு மூணு இருக்கு. எது கம்ப்ளீட்?

பதில்: எதுவுமே இல்லங்கிறதுதான் கொடுமை. 2006-ல முதல்ல வந்துச்சு, 2007 ஃபெஸ்ல "தி ஆன்சர்"னு கதை முடிஞ்சதுக்கப்புறம் நடக்கிற ஒரு பகுதி சேந்துச்சு. 2009-ல பிஎஸ்பிங்கிற கையடக்க கன்சோலுக்கு வந்த போர்ட்டபிள்ல அது இல்ல, பதிலா பொண்ணு ஹீரோயினா ஆடலாம். 2024 பிப்ரவரில வந்த ரீலோட் புதுசா செஞ்ச ரீமேக், அதுல ஹீரோயின் இல்ல, ஆன்சரும் பேஸ் கேம்ல இல்ல.

அந்த ஆன்சரை "எபிசோட் ஐகிஸ்"னு அதே வருஷம் செப்டம்பர்ல விட்டாங்க, எக்ஸ்பான்ஷன் பாஸ்ல, அதாவது டிஎல்சிகளை மொத்தமா விக்கிற பேக்ல. 70 டாலர் கேமுக்கு மேல 35 டாலர் பாஸ். அந்த பாஸ்ல முதல்ல வந்ததெல்லாம் பாட்டும் டிரெஸ்ஸும்தான், அது வேணாம் கதை மட்டும் குடுன்னா தனியா விக்க மாட்டாங்க. 2007-லயே அதே டிஸ்க்குள்ள வச்சுக் குடுத்தது இது! எனக்கு இது அநியாயமாத்தான் படுது.

அதனால ரீலோட் பேஸ் மட்டும் சேல்ல எடுங்க, முடிங்க. ஐகிஸ்ல ஸ்கூல், ஃப்ரெண்ட்ஷிப் எதுவும் இல்ல, பெரும்பாலும் டஞ்சன் (எதிரிங்க நிறைஞ்ச பாதைகள்) சண்டைதான், அதனால கதை மேல ரொம்ப ஆசை வந்தவங்க மட்டும் பாஸுக்குப் போங்க. போர்ட்டபிள் வெறும் 20 டாலர்தான், ஆனா ஊருக்குள்ள நடக்க முடியாது, ஒரு படத்து மேல கர்சரை வச்சுக் க்ளிக் பண்றதுதான். ஹீரோயின் ரூட்டுக்காக ரெண்டாவதா ஆட அது சரி.

கேள்வி: 5 முடிச்சாச்சு. ஸ்ட்ரைக்கர்ஸ், டாக்டிகா, டான்சிங்னு ஸ்பின்-ஆஃப் நிறைய இருக்கே, எது வாங்கலாம்?

பதில்: ஒரே முகங்களை வச்சு வேற வேற கடை திறந்திருக்காங்க, உள்ள விக்கிற சரக்கு வேற வேற. ஸ்ட்ரைக்கர்ஸ் உண்மையிலயே அடுத்த பார்ட் மாதிரி, மறு வருஷம் கோடை லீவுல கேங் மொத்தமும் வண்டி எடுத்துட்டு செண்டாய், சப்போரோ, ஒகினாவான்னு சுத்துவாங்க. ஒமேகா ஃபோர்ஸ்ங்கிற இன்னொரு கேம் டீம் கூட சேந்து செஞ்சது, அதனால சண்டை கூட்டம் கூட்டமா அடிக்கிற ஆக்‌ஷன். ராயல் கேரக்டர் யாரும் வர மாட்டாங்க, இது முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா ஏமாற மாட்டீங்க. நான் ஒண்ணு வாங்கச் சொன்னா இதைத்தான் சொல்வேன்.

டாக்டிகா 2023-ல வந்த கட்டம் கட்டமா நகர்த்தி ஆடுற ஸ்ட்ராட்டஜி, சின்னது, சேல்ல மட்டும். டான்சிங் ரிதம் கேம், கதைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, பாட்டுப் பைத்தியங்களுக்கு. அரீனா 4-ம் பாகத்து பசங்க வர்ற ஃபைட்டிங் கேம், பட்டன் தட்டத் தெரியணும். கியூ, கியூ2 ரெண்டும் நிண்டெண்டோவோட பழைய கையடக்க கன்சோல் 3டிஎஸ்ல மட்டும்தான், அந்த ஆன்லைன் கடையை 2023 மார்ச்ல மூடிட்டாங்க, இனி பழைய கார்ட்ரிட்ஜ்தான், 3டிஎஸ்க்கு ரீஜன் லாக் வேற, ஒரு ரீஜன் கார்ட்ரிட்ஜ் இன்னொரு ரீஜன் மெஷின்ல ஓடாது. விட்டுடுங்க.

கேள்வி: என் பையனுக்கு 13 வயசு. பெர்சோனா 5 கேக்கிறான், இல்லன்னா ஃப்ரீயா இருக்கிற ஃபேண்டம் எக்ஸ் போட்டுத் தரச் சொல்றான். கார்ட்டூன் மாதிரிதானே இருக்கு?

பதில்: பாக்கத்தான் கார்ட்டூன்மா. 5-க்கு அமெரிக்கால எம் ரேட்டிங், அதாவது 17 வயசுக்கு மேல. முதல் வில்லனே ஸ்கூல் வாலிபால் கோச், பசங்களை அடிக்கிறவன், பொண்ணுங்ககிட்ட தப்பா நடக்கிறவன், ஒரு பொண்ணு தற்கொலை முயற்சி வரைக்கும் போவா. கதை அதை நல்லாத்தான் கையாளுது, ஆனா 13 வயசுப் பையன் தனியா உக்காந்து பாக்கிறதுக்கு இல்ல. இன்னும் ரெண்டு மூணு வருஷம் போகட்டும்.

ஃபேண்டம் எக்ஸ் ஃப்ரீதான், ஆனா கச்சா (gacha)ன்னு சொல்ற வகை. கேரக்டர் வேணும்னா குலுக்கல் மாதிரி இழுக்கணும், நினைச்சது வரலன்னா இன்னும் காசு. ஃப்ரீன்னு சொல்றது உள்ள நுழையறதுக்கு மட்டும். தரவே மாட்டேன்னு சொல்ல முடியலன்னா ஃபோன்ல கார்டை சேவ் பண்ணாதீங்க, ப்ளே ஸ்டோர்ல ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேக்கிற மாதிரி வைங்க.

கேள்வி: 1, 2 ஆடாம நேரா 4 கோல்டன் (4-ம் பாகத்தோட விரிவான எடிஷன்) ஆரம்பிக்கலாமா? ஸ்டீம்ல வாங்கி பிடிக்கலன்னா ரீஃபண்ட் இருக்குல்ல?

பதில்: தாராளமா ஆரம்பிங்க, 3, 4, 5 ஒவ்வொண்ணுக்கும் ஊர் வேற, பசங்க வேற. 4-க்கு ரிவைவல்னு ரீமேக் வருதுன்னு 2025 ஜூன்ல அறிவிச்சிருக்காங்க, காத்திருக்க முடியும்னா காத்திருங்க, ஆனா கோல்டன் 20 டாலர், சேல்ல இன்னும் கம்மி, அந்தக் காசுக்கு இவ்வளவு கேம் வேற எங்க கிடைக்கும்.

ரீஃபண்ட் விஷயத்துல மட்டும் கவனம். ஸ்டீம்ல வாங்கின 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் கம்மியா ஆடியிருந்தாத்தான் காசு வரும். கோல்டன்ல முதல் ரெண்டு மணி நேரம் போறதே தெரியாது, ட்ரெயின்ல இறங்குவான், மாமா வீட்டுக்குப் போவான், ஸ்கூல்ல சேருவான், பேசிக்கிட்டே இருப்பாங்க, உருப்படியா சண்டைன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள டைம் முடிஞ்சிருக்கும். உங்க லேப்டாப்ல சரியா ஓடுதா, கன்ட்ரோலர் எடுக்குதான்னு முதல் அரை மணி நேரத்துலயே பாத்துடுங்க, பிடிக்குமா பிடிக்காதான்னு முடிவு பண்ண யூட்யூப்ல ஒரு டஞ்சன் வீடியோ பாருங்க.