தாத்தா புயலை மட்டும்தான் சொல்கிறார், அக்கா!

வாசகர் கேள்விகளும் அக்காவின் பதில்களும்

கடற்கரை ஊர்ப் பெரியவர்களின் கதையை வீட்டுப் பிள்ளைகளே கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்று போன மாதம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கத்திலிருந்து வந்தவைதான் அதிகம். எல்லாவற்றுக்கும் இடமில்லாததால் ஆறை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள், அதனால் ஊர் மட்டும்.

அக்கா, என் தாத்தாவுக்கு 84 வயது. 1964 புயலில் தனுஷ்கோடியில் வீடு, வத்தை (சின்னப் படகு), கூடப் பிறந்த தங்கச்சி எல்லாம் போய்த் தனியாகக் கரையேறியவர். போனில் பதிவு செய்யலாம் என்று உட்கார்ந்தால், டிவிக்காரர்களிடம் சொன்ன அதே புயல் கதையை அதே வார்த்தையில் சொல்கிறார். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் என்ன கேட்பது? (தங்கச்சிமடம்)

தம்பி, தாத்தா மேல் குறையே இல்லை. அறுபது வருஷமாக அவரைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு ராத்திரியைத்தான் கேட்டிருக்கிறார்கள், அவரும் சொல்லிச் சொல்லி அது வழவழவென்று ஆகிவிட்டது. டிசம்பர் 22 ராத்திரி கடல் ஊருக்குள் வந்தது, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு தண்ணீருக்குள் போனது, பாம்பன் பாலம் சிதைந்தது, அந்தப் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் பொறுப்பில் ரயில்வே 46 நாளில் சரிசெய்தது, ஊரை மட்டும் குடியிருக்க லாயக்கில்லை என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டார்கள். இதெல்லாம் ஏற்கெனவே எழுதியாயிற்று, யார் வேண்டுமானாலும் தேடிப் படித்துக்கொள்ளலாம். தாத்தா போய்விட்டால் கிடைக்காமல் போவது வேறு. புயல் அடித்தபோது அவருக்கு 23 வயதுதான் இருந்திருக்கும். அதற்கு முன்னால் ஒரு பிள்ளைப்பருவம் முழுசாக இருக்கிறது, பின்னால் அறுபது வருஷம் இருக்கிறது. அதை யாருமே கேட்கவில்லை.

முன்னால் உள்ளதில் தொடங்குங்கள். எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் இலங்கையின் தலைமன்னார் போய், மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட்டில் போகலாம் என்று இருந்த காலம் அது. ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், சுங்கம், பள்ளிக்கூடம், சர்ச் எல்லாம் இருந்த ஊர். கப்பல் வருகிற நேரத்துக்கு ஜெட்டியில் யார் யாருக்கு வேலை இருந்தது, மூட்டைக்கு என்ன கூலி, பயணிகளிடம் மீன் விற்றார்களா என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் உப்புக்கடல் இருக்க, நடுவில் மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் இடம் அது. இன்றைக்கும் ஊறுகிறது. அந்த ஊற்றை யார் தோண்டினார்கள், குடத்தைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்தார்கள்? கரைவலை இழுக்க எத்தனை ஆள் நின்றார்கள், வலையில் வந்த மீனை எப்படிப் பங்கு வைத்தார்கள், வலை இழுக்கும்போது பாடுகிற அம்பா பாட்டுக்கு முன்குரல் கொடுத்தது யார்? இப்படிக் கேட்டால் பத்து நிமிஷத்தில் முடியாது, தம்பி.

அப்புறம் புயலுக்குப் பிந்திய முதல் மாதம். எங்கே படுத்தார், யார் சோறு போட்டார்கள், கையில் வலையே இல்லாமல் யாரிடம் போய்க் கடன் கேட்டார், திரும்பக் கடலில் கால் வைத்தது எப்போது?

தனுஷ்கோடி பக்கத்துக் கம்பிபாட்டில் ஒரு பெரியவரிடம் நானும் உங்களைப் போலத்தான் போய் உட்கார்ந்தேன். புயலைச் சொல்லி முடித்துவிட்டு, போகலாம் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு கிழிந்த வலை கிடந்தது, சும்மா எடுத்து மடியில் வைத்தேன். "அப்படிப் பிடிக்காதேம்மா" என்று வாங்கிக்கொண்டார். வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்து விறைப்பாக்கி, மூங்கில் ஊசியை எடுத்து ஒரு வலைக்கண்ணைப் பின்னிக் காட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது வலையெல்லாம் பருத்தி நூல். மரப்பட்டையைக் காய்ச்சிய சாற்றில் தோய்த்துத் தோய்த்து உலர்த்தாவிட்டால் வலை மக்கிப்போகும். அந்தக் காய்ச்சல் வேலை வீட்டுப் பெண்களுடையது, அவருடைய அம்மாவின் கைகள் எப்போதும் செம்பழுப்பாகவே இருக்குமாம். நைலான் வந்த பிறகுதான் அம்மாவுக்குக் கை வெளுத்தது என்றார். இரண்டு மணி நேரம் பேசினார், அதற்குள் மூன்று கிழிசலும் அடைபட்டுவிட்டது.

இன்னொன்று. தங்கச்சியும் போனார் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டீர்கள். அந்தச் சின்னப் பாட்டியின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் முதலில் அதைக் கேளுங்கள். அவரை எப்படிச் சாகக் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டாம், அவர் என்ன குறும்பு செய்வார், அண்ணனிடம் என்ன வாங்கி வரச் சொல்வார் என்று கேளுங்கள்.

மாமியாருக்கு எழுபது வயதாகிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் கடலில் பாசி எடுக்கப் போனவர். கேட்டால் "எனக்கென்ன கதை இருக்கு, அதெல்லாம் ஆம்பளைங்ககிட்ட கேளு" என்கிறார். ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை அக்கா. (பாம்பன்)

தங்கச்சி, எதிரில் உட்கார்ந்து போனை நீட்டாதீர்கள். அவர் மீன் ஆயும்போதோ கருவாடு புரட்டும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் அதே வேலையைச் செய்யுங்கள். வீட்டில் ஆண்கள் இருக்கிற நேரம் வேண்டாம். அவர்கள் நடுவில் புகுந்து திருத்துவார்கள், உங்கள் மாமியார் வாயை மூடிக்கொள்வார். இது எத்தனையோ வீட்டில் நான் கண்ணால் பார்த்தது.

கதை சொல்லுங்கள் என்று கேட்டால் யாருக்கும் வராது. கையைப் பிடித்து, இந்தத் தழும்பு எப்படி வந்தது அத்தை என்று கேளுங்கள். பாசி எடுத்த கையில் தழும்பு இல்லாமல் இருக்காது. பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு போவார்கள், அது தண்ணீரில் ஊறி அவிழ்ந்துவிடும், மட்டி கிழித்துவிடும். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, காலில் அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து முங்குகிற பெண்கள் இவர்கள். முதல் முதலில் யாரோடு போனார், முங்க யார் சொல்லிக் கொடுத்தார்கள், தீட்டு நாளில் என்ன செய்தார், பிள்ளை வயிற்றில் இருக்கும்போது எத்தனையாவது மாதம் வரைக்கும் போனார்? கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லப்போகிற பதிலைக் கேட்க நீங்கள் கொஞ்சம் தைரியத்தோடு இருக்க வேண்டும்.

மரிக்கொழுந்துக்கு என்ன விலை, கட்டக்கோரைப் பாசிக்கு என்ன விலை, கஞ்சிப்பாசி எடுத்தாரா என்பதையும் கேட்டு வையுங்கள். நோன்புக் காலத்தில் நாம் பால் ஊற்றிக் கிண்டுகிற கடல்பாசி இப்படி யாரோ முங்கி எடுத்த பாசியிலிருந்து வருவதுதான், அது பல பேருக்குத் தெரியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு அவர் எங்கே போனார், யார் தடுத்தார்கள், பயந்தாரா என்பதும் முக்கியம். அதை ஆண்களிடம் கேட்டால் தெரியாது. தண்ணீருக்குள் இருந்தது உங்கள் மாமியார்தான்.

பாட்டி தனக்குத் தொண்ணூறு என்கிறார், ஓட்டர் ஐடியில் 82 இருக்கிறது. எந்த வருஷம் எது நடந்தது என்று கேட்டாலும் குழப்பம்தான். (மண்டபம்)

வருஷ எண்ணைக் கேட்காதீர்கள். பெரிய புயலுக்கு முன்னாலா பின்னாலா, கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்தபோது (1974) பெரியவன் பிறந்துவிட்டானா, பாம்பனில் ரோட்டுப் பாலம் திறந்தபோது (1988) யாருக்குக் கல்யாணம், சுனாமி அன்றைக்கு (2004 டிசம்பர் 26) எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், தானாக வரிசைக்கு வந்துவிடும். சிலருக்குத் தமிழ் வருஷப் பெயர் நன்றாக நினைவிருக்கும். அந்தப் புயல் குரோதி வருஷம் மார்கழியில் வந்தது. அறுபது வருஷம் சுற்றி 2024-ல் மறுபடியும் குரோதி பிறந்தபோது, எங்கள் பக்கத்தில் மார்கழி வரைக்கும் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு இருந்த கிழவிகளை எனக்குத் தெரியும்.

பெரியப்பா பேசும்போது வடகடல், தென்கடல், கச்சான், சோளகம், நீவாடு என்றெல்லாம் வருகிறது. எழுதும்போது நல்ல தமிழில் மாற்றிவிடலாமா? (ராமேஸ்வரம்)

ஐயோ, மாற்றாதீர்கள்! அதுதான் நல்ல தமிழ். நீங்கள் கச்சானை 'மேற்குக் காற்று' என்று திருத்தினால் பெரியப்பாவின் பாதி அறிவு காணாமல் போகும். பாக் நீரிணை பக்கம் வடகடல், மன்னார் வளைகுடா பக்கம் தென்கடல். கச்சான் அடிக்கிற மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வடக்கிலிருந்து வாடை தொடங்கினால் அப்படியே தலைகீழ். ஒரே தீவில் இருந்துகொண்டு காற்றைப் பார்த்துக் கடல் மாறி மாறித் தொழில் செய்தவர்கள் அவர்கள். அந்த ஒரு சொல்லுக்குள் எந்த மாதம், எந்தக் கரை, எந்த வலை, வீட்டில் காசு இருக்குமா இருக்காதா என்பது வரைக்கும் இருக்கிறது. சோளகம் தெற்குப் பக்கத்துக் காற்று, நீவாடு என்றால் கடலுக்குள் ஓடுகிற நீரோட்டம். புரியாத சொல்லுக்கு அவரையே விளக்கச் சொல்லி, அவர் விளக்கத்தையும் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். மீன் பெயரும் அப்படித்தான். சூடை, காரல், நகரை, ஓரா, விளமீன் என்று அவர் சொன்னபடியே இருக்கட்டும்.

ஊர்த் திருவிழா மலரில் என் அப்பச்சியின் கதையைப் போடக் கேட்கிறார்கள். அவர் சொன்னதில் பழைய சண்டை, கடன், அக்கரையிலிருந்து (இலங்கையிலிருந்து) சாமான் வந்த விஷயம் எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றையும் போடலாமா? (தொண்டி)

அப்பச்சி சொன்னது உங்களை நம்பி. ஊருக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுதியதை முழுசாக அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், கண் தெரிந்தாலும் சத்தமாக வாசியுங்கள். அவர் எடு என்றால் எடுத்துவிட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மீன்கூடைக்கார அம்மாவைப் பற்றி எழுதினேன். பெயரை மாற்றிவிட்டேன், அது போதும் என்று நினைத்தேன். வட்டிக்கு வாங்கியதை அவர் சொன்ன மாதிரியே போட்டிருந்தேன். முந்நூறு வீடு இருக்கிற ஊரில் பெயரை மாற்றி என்ன பயன்? கடன் கொடுத்தவர் அதைப் படித்துவிட்டு அவர் வாசலில் வந்து நின்றிருக்கிறார். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, அடுத்த தடவை போனபோது டீ கொடுத்தார், பேச்சு மட்டும் இல்லை. இன்று வரைக்கும் எனக்கு அது ஆறவில்லை. மலரில் போடக்கூடியதைத் தனியாக எழுதுங்கள். மற்றதை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள், பேரப்பிள்ளைகள் காலத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

அம்மாச்சி ஆவணியில் தவறிவிட்டார். உங்கள் பக்கத்தைப் படித்ததே அதற்கு அப்புறம்தான். ஒரு பதிவுகூட என்னிடம் இல்லை. இனி என்ன செய்ய முடியும் அக்கா? (வேதாளை)

கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன், தங்கச்சி. என்னிடமும் என் அம்மாச்சியின் குரல் இல்லை. அவர் கூப்பிடுகிற விதம் காதில் இருக்கிறது, அதை எந்தப் போனிலும் போட்டுக் கேட்க முடியாது.

ஆனாலும் செய்ய நிறைய இருக்கிறது. அவருடைய டிரங்குப் பெட்டியை யாரும் சுத்தம் செய்வதற்கு முன்னால் நீங்கள் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டோ எடுங்கள். ரேஷன் கார்டு, சங்கத்துச் சீட்டு, முடிச்சுப் போட்ட சுருக்குப்பை, எதுவாக இருந்தாலும் சரி. அவர் உங்களிடம் சொன்னதில் நினைவிருப்பதை இன்றைக்கே எழுதுங்கள், வரிசை வேண்டாம், அவர் திட்டுகிற வார்த்தைகூட இருக்கட்டும். குழம்புக்கு அவர் புளி கரைக்கிற அளவு அம்மாவுக்குத் தெரியும், அதையும் எழுதுங்கள்.

அம்மாச்சியோடு ஒன்றாகப் பாசிக்குப் போன இன்னொரு பாட்டி மூன்று வீடு தள்ளி இருக்கிறார், காது மந்தம், என்று கடிதத்தில் ஒரு ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் போங்கள். அம்மாச்சியைப் பற்றிக் கேளுங்கள், பேச்சு அவரைப் பற்றித் திரும்பினால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வாடை தொடங்கிவிட்டால் திண்ணையில் காற்று இரையும், அவருக்கு ஒன்றும் காதில் விழாது. அதற்கு முன்னால், இந்த வாரமே போய்விடுங்கள்.