ஸ்டாக்டன் குருத்வாரா

கேள்வி: அமெரிக்காவில் குடியேறிய சீக்கியர்கள் கையில் நாலு காசு சேர்ந்ததுமே குருத்வாரா கட்டித் தங்களுக்குள்ளேயே கூடிக்கொண்டார்கள். பிழைக்கப் போன நாட்டோடு கலக்காமல் இப்படி ஒதுங்கலாமா?

பதில்: கலக்க விட்டால்தானே கலப்பதற்கு! அமெரிக்காவின் முதல் குருத்வாரா 1912-இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் உருவானது. அடுத்த வருஷமே, குடியுரிமைக்குத் தகுதியில்லாத அயல்நாட்டார் நிலம் வாங்கக் கூடாது என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது. சரி, குடியுரிமை வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்த் கேட்டுப் பார்த்தார். அவர் வெள்ளையர் இல்லை என்று 1923-இல் உச்ச நீதிமன்றமே கைவிரித்துவிட்டது. வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டவும் சட்டம் குறுக்கே நின்றது. பஞ்சாபி விவசாயிகள் பலர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களை மணந்து, ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளைப் பெற்றார்கள். இதைவிட எப்படிக் கலப்பதாம்?

குருத்வாராவைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஜ்வாலா சிங். குத்தகை நிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டுச் சம்பாதித்தவர். பட்டப்பெயரே 'உருளைக்கிழங்கு ராஜா'. இந்திய மாணவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்க, அதே 1912-இல் குரு கோவிந்த் சிங் பெயரில் உதவித்தொகை ஏற்படுத்தினார். சீக்கியர் அல்லாதவர்களுக்கும் அது கிடைத்தது. அந்தப் பணத்தில் படித்த கோவிந்த் பிகாரி லால், 1937-இல் புலிட்சர் பரிசு பெற்ற பத்திரிகையாளர். (நம் தொழில்காரர் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பெருமை.) ஜ்வாலா சிங் என்ன ஆனார்? அமெரிக்காவில் இருந்த இந்தியர்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்துத் தொடங்கிய கதர் கட்சியில் (கதர் துணி இல்லை; 'கிளர்ச்சி' என்று அர்த்தம்) சேர்ந்து, வெள்ளையரை விரட்ட 1914-இல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். வந்து இறங்கியதும் கைது, அப்புறம் அந்தமான். கிழங்கு விற்று நிம்மதியாக இருந்திருக்கலாம் மனிதர்!

தலீப் சிங் சவுந்த் 1920-இல் பெர்க்லியில் படிக்க வந்தபோது தங்கியது ஸ்டாக்டன் குருத்வாரா நடத்திய விடுதியில்தான். கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியும் விவசாயம்தான் பார்க்க முடிந்தது. இந்தியர்களுக்குக் குடியுரிமை கிடைக்கப் போராடியவர்களில் அவரும் ஒருவர். 1946-இல்தான் அதற்குச் சட்டம் வந்தது. பத்தே வருஷத்தில், 1956 தேர்தலில், அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆசிய வம்சாவளியினர் ஆனார். அவர் தொகுதியில் பெரும்பாலான வாக்காளர்கள் வெள்ளையர்கள். ஒதுங்கிப்போனவர் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.