ஆயரிடம் கேளுங்கள்: கைக்குக் கை சமாதானம்

கேள்வி: ஐயா, எங்கள் சபை பெருந்துறை பக்கம். கொரோனா சமயத்தில் நற்கருணை ஆராதனையில் கைக்குக் கை சமாதானம் கொடுப்பதை நிறுத்தினார்கள். இன்றுவரை தூர நின்று ஒரு கும்பிடுதான். இப்போது வாலிபர் கூட்டத்தில், “புத்தக ஆராதனையே வெள்ளைக்காரன் விட்டுப்போனது, பாட்டு, ஜெபம், பிரசங்கம் போதும்” என்கிறார்கள். என் மகனும் அதில் ஒருவன். அவனுக்கு நான் என்ன சொல்வது?
- ஒரு வாசகி

பதில்: அம்மா, உங்கள் மகனுக்கு முதலில் நம் ஊர்க் கதையைச் சொல்லுங்கள். லண்டன் மிஷனார் கோவைக்கு வந்தது 1830-ல். அவர்கள் ஜெபப் புத்தகத்தைக் கையில் வைத்து ஆராதிக்கிறவர்கள் அல்ல. மனதில் எழுகிறபடி ஜெபிக்கிறவர்கள். பாட்டு, ஜெபம், பிரசங்கம் என்று பிள்ளைகள் கேட்கிறார்களே, நம் பக்கத்துக்கு வெள்ளைக்காரர் கொண்டுவந்ததே அதுதான். (திருநெல்வேலிக் கதை வேறு. அங்கே ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் முன்பே இருந்தது.) நாம் இன்று சொல்கிற நற்கருணை முறைமையோ, 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு, 1950-ல் இந்தத் திருச்சபை தனக்கென்று அமைத்துக்கொண்டது.

சமாதானம் கொடுப்பதும் இங்கிலாந்துச் சரக்கு அல்ல. 1662-ஆம் வருஷத்து ஆங்கில ஜெபப் புத்தகத்தில் அது இல்லை. பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுரியானிச் சபைகளின் வழக்கத்தைப் பார்த்து நம்மவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வலது உள்ளங்கையை மற்றவர் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இடது கையால் மூடிக்கொள்வது. திருமேசையில் தொடங்கி, வரிசை வரிசையாகக் கடைசி ஆள்வரை அது போக வேண்டும்.

என் அப்பாரு காங்கயம் பக்கம் ஒரு பண்ணாடி (நிலக்காரர்) தோட்டத்தில் ஆள்காரர். தண்ணீர் கேட்டால் இரண்டு கையையும் குவித்துக் குனிய வேண்டும், மேலிருந்து ஊற்றுவார்கள். கூலிக் காசைக்கூடக் கையில் தர மாட்டார்கள். விரித்த துண்டில் போடுவார்கள். அறுபதுகளில் ஒரு ஞாயிறு, எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும், என்னை டவுன் ஆலயத்துக்குக் கூட்டிப்போனார். எங்கள் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர். பார்த்தால் வாத்தியார் மாதிரி இருந்தார். சமாதானம் எங்கள் வரிசைக்கு வந்ததும் அப்பாரு, பழகிய பழக்கத்தில், இரண்டு கையையும் குவித்துக் குனிந்துவிட்டார். அந்தப் பெரியவர் குவிந்த கையை மெதுவாகப் பிரித்தார். வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். வீடு வருகிற வரை அப்பாரு பேசவே இல்லை. சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதுதான், “கண்ணு, அந்தக் கையி சூடா இருந்துச்சு” என்றார்.

அந்தப் பெரியவர் இரக்கப்பட்டுச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. முறைமையில் அப்படி இருந்தது, செய்தார். பக்கத்தில் யார் இருந்தாலும் கொடுத்தே ஆக வேண்டும். அவரவர் பிரியத்துக்கு விட்டிருந்தால் என் அப்பாருவின் கையை அன்றைக்கு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நம் சபைகளில் சாதி போய்விட்டது என்று சொல்ல நான் கூச்சப்படுகிறேன். சமாதானம் வருகிற நேரம் பார்த்துச் செருப்பு தேட வெளியே போகிறவர்களை என் ஊழியக் காலத்திலேயே கண்டிருக்கிறேன். கும்பிடு அவர்களுக்கு வசதி. அதனால்தான் கொரோனா போயும் அது போகாமல் இருக்கிறதோ என்று எனக்குக் கவலை.

உங்கள் ஆயரிடமும் குருசேகரக் கமிட்டியிலும் கேளுங்கள். சளி, காய்ச்சல் இருக்கிறவர்கள் கும்பிடட்டும், அதில் தப்பில்லை. வாலிபர்களின் கீபோர்டையும் கிடாரையும் ஒதுக்க வேண்டாம். சமாதானம் சபை முழுக்கப் போய்ச் சேரும்வரை அவர்களே பாடட்டும். அப்புறம், திருமேசையிலிருந்து அதை வாங்கி வருகிற ஆளாக உங்கள் மகனை வைக்கச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் தனியாக உட்காருகிற பாட்டிகளிடம் அவன் முதலில் போகட்டும்.

கேள்வி: வாராவாரம் அதே பாவ அறிக்கை. வாய் சொல்கிறது, மனசு எங்கோ போகிறது. இதற்குப் பலன் உண்டா?

பதில்: உண்டு தம்பி. என் மனைவி இறந்த வாரம், அத்தனை வருஷம் ஆராதனை நடத்திய எனக்குச் சொந்தமாக ஒரு வரி ஜெபம் வரவில்லை. சபையார் சொன்னார்கள். கூடவே நானும் உதட்டை அசைத்தேன். மனசு இல்லாத வாரங்களிலும் விடாமல் சொல்லிவந்ததால்தான் அன்றைக்கு அந்த வார்த்தைகள் கிடைத்தன.

கேள்வி: நவம்பரிலேயே கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கலாமா?

பதில்: வேண்டாமே. கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து நான்கு ஞாயிறும் காத்திருக்கிற காலம், ஊதா விரிப்பு போடுவது அதற்குத்தான். மூன்றாம் ஞாயிறு கழித்து வீடுகளுக்குப் போங்கள். டிசம்பர் 25-க்குப் பிறகும் ஜனவரி 6 வரை பாட நாள் இருக்கிறது.