சிடி ஆஞ்சியோவுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. வேகமாக நடந்தால் நெஞ்சை இறுக்குகிறது என்கிறார். இதய டாக்டர் சிடி ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு ஸ்கேன் சென்டரில் 128 ஸ்லைஸ் மெஷின். இன்னொன்றில் 256 ஸ்லைஸ், கட்டணம் அதிகம். ‘ரேடியேஷன் பாதிதான்’ என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: ஸ்லைஸ் (ஒரு சுற்றில் கிடைக்கும் குறுக்குவெட்டுப் படங்கள்) எண்ணிக்கை விளம்பரத்துக்கு உதவும். நீங்கள் கேட்க வேண்டியது, மெஷின் ஒரு சுற்றில் எத்தனை சென்டிமீட்டரைப் படம் பிடிக்கிறது என்பதை. 256 ஸ்லைஸ் என்று விற்பவற்றிலேயே 8 செ.மீ. மெஷினும் உண்டு, 16 செ.மீ. மெஷினும் உண்டு. இதயத்துக்கு 12 முதல் 14 செ.மீ. வேண்டும். 16 செ.மீ. இருந்தால் ஒரே துடிப்பில் முடிந்துவிடும். 4 செ.மீ. மட்டும் என்றால் சில துடிப்புகளில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவார்கள். துண்டுகளின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் அங்கே கதிர் இரண்டு முறை விழும். நடுவில் துடிப்பு தாளம் தப்பினால் ரத்தக்குழாய் வெட்டி ஒட்டியது போலத் தெரியும்.

ஆனால் மெஷினைவிட, எடுக்கும் முறைதான் முக்கியம். ‘பிராஸ்பெக்டிவ்’ முறையில், இசிஜியைப் பார்த்து இதயம் ஏறக்குறைய அசையாமல் இருக்கும் கணத்தில் மட்டும் கதிரை விடுவார்கள். ‘ரெட்ரோஸ்பெக்டிவ்’ முறையில் துடிப்பு முழுவதும் கதிர் ஓடும். தேவையான படத்தைப் பிறகு பொறுக்குவார்கள். நல்ல மெஷினிலும் இரண்டாவது முறையில் எடுத்தால் டோஸ், அதாவது உடல் வாங்கும் கதிரின் அளவு, பல மடங்கு ஏறும். பல நாட்டு மருத்துவமனைகளில் 2007-ல் எடுத்த கணக்கில் சிடி ஆஞ்சியோவின் இடைநிலை டோஸ் சுமார் 12 மில்லிசீவர்ட் (கதிர் அளவின் அலகு). 2017-ல் அதேபோன்ற கணக்கில் 3-க்கும் கீழே. (இயற்கையிலிருந்து நாம் வாங்கும் கதிர் ஆண்டுக்கு உலக சராசரியாக 2.4 முதல் 3 மில்லிசீவர்ட்.) பிராஸ்பெக்டிவ் முறை பரவியதும், கதிரை உண்டாக்கும் மின்னழுத்தத்தை 120 கேவிக்குப் (கிலோவோல்ட்) பதில் 100 கேவியில் வைத்து எடுப்பதும், படத்தின் இரைச்சலைக் குறைக்கும் புதிய மென்பொருளும்தான் காரணம். உடல் பருத்தவர்களுக்கு 100 கேவி போதாது, படம் மங்கும்.

ஆகவே போனில் கேளுங்கள்: பிராஸ்பெக்டிவா? 100 கேவியா? டோஸ் ரிப்போர்ட் தருவீர்களா? தெளிவாகப் பதில் சொல்கிற சென்டரில் 128 ஸ்லைஸே இருந்தாலும், மழுப்புகிற 256-ஐவிட அதுவே மேல்.

கேள்வி: ஸ்கேனுக்கு முன் துடிப்பைக் குறைக்க மாத்திரை தருகிறார்களே, அவசியமா?

பதில்: பணச் செலவே இல்லாமல் டோஸைக் குறைக்கும் வழி அதுதான். நிமிடத்துக்கு 60-65-க்குள் துடித்தால் இதயம் அசையாத இடைவெளி நீளும்; கதிர் விடும் நேரத்தைச் சுருக்கலாம். 80-ல் துடித்தால் இடைவெளி சுருங்கும், எந்தக் கணத்தில் படம் நன்றாக விழும் என்று தெரியாததால் அகலமாகக் கதிர் விட வேண்டிவரும். பொதுவாகத் தருவது மெட்டோப்ரோலால், ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பு. ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முந்தைய இரவிலிருந்தே காபி, டீ வேண்டாம். மூச்சைப் பிடித்து வைக்க வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். படம் ஆடினால் திரும்ப எடுப்பார்கள், டோஸும் இரட்டிப்பாகும். நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் தருவார்கள் என்பதால், வயாகரா வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும்.

கேள்வி: டோஸ் ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

பதில்: ‘டிஎல்பி’ (DLP) என்ற எண்ணை; ஸ்கேன் முழுவதிலும் விட்ட கதிரின் மொத்த அளவு அது. அதை 0.014-ஆல் பெருக்கினால் தோராயமான மில்லிசீவர்ட் வரும்: 200 என்றால் 2.8. இதயத்துக்கு இந்தப் பெருக்கெண் குறைவு, 0.026 வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. அதனால் இரண்டு சென்டர்களை ஒப்பிடும்போது டிஎல்பியையே ஒப்பிடுங்கள். ஒல்லியான ஒருவருக்கு 800, 900 என்று வந்திருந்தால் ஏன் என்று ரேடியாலஜிஸ்ட்டிடம் கேட்கலாம். பைபாஸ் செய்தவர்களுக்கு மார்பின் மேற்பகுதியிலிருந்தே எடுப்பதால் எண் கூடித்தான் வரும்.

கேள்வி: கால்சியம் ஸ்கோரும் (இதய ரத்தக்குழாயில் படிந்த கால்சியத்தை அளக்கும் ஸ்கேன்) சேர்த்துப் பேக்கேஜ் என்கிறார்கள்.

பதில்: அதற்குத் தனியாக ஏறக்குறைய 1 மில்லிசீவர்ட் ஆகும். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவருக்கு அதனால் பயன் இல்லை. மற்றவர்களுக்கு, டாக்டர் எழுதியிருந்தால் மட்டும். எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு ஹெல்த் செக்கப் பேக்கேஜில் சிடி ஆஞ்சியோவைச் சேர்த்திருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஈயக் கவசம் போடச் சொல்லி வற்புறுத்தலாமா?

பதில்: வேண்டாம். ஸ்கேன் பகுதிக்கு வெளியே போட்டால் பலன் மிகச் சொற்பம். உள்ளே போட்டால் படம் கெடும், சில மெஷின்கள் தாமாகவே கதிரைக் கூட்டியும் விடும். அதைவிட, எடுக்கும் நீளத்தைச் சுருக்கச் சொல்லுங்கள். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழிருந்து இதயத்தின் அடிவரை போதும்.